வெளிநாட்டில் கைவேலை ஊழியம்: வீடு கட்டப் போவதா, கப்பல் ஏறுவதா, தங்கி வேலை செய்வதா, பணம் அனுப்புவதா?

சபைகளின் மிஷன் கமிட்டிகளில் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. பிரசங்கம் பண்ண ஆள் அனுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை செய்ய ஆள் அனுப்பினால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் வாலிபர் கூட்டத்தில் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், லேப் டெக்னீஷியன் இருக்கிறார், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார், ஐந்தாறு நர்ஸ்களாவது இருப்பார்கள். அசனப் பண்டிகைக்குப் பந்தி பரிமாறுவதைத் தவிர இவர்களுடைய கையிடம் சபை பெரிதாக எதையும் கேட்டதில்லை.

கடல் தாண்டிய ஊழியம் தமிழருக்குப் புதிதும் அல்ல. வெள்ளாளன்விளைக்காரரான வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் கடல் கடந்து தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நம் ராமநாதபுரம் கடற்கரைதான் வெளிநாடு! மறுவருஷம், 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது.

எந்த நாட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தால் கூட்டம் முடியாது. ஒருவர் கென்யா என்பார், இன்னொருவருக்கு கம்போடியாவில் தெரிந்த போதகர் இருப்பார். நான் முதலில் கேட்பது வேறு: நாம் செய்யப் போகிற வேலைக்கு அந்த ஊரிலேயே கூலிக்கு ஆள் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அதற்காக விமானம் ஏற வேண்டாம். இந்தக் கேள்வியை வைத்து, ஒரு சபையின் முன்னால் உள்ள நான்கு வழிகளைப் பார்க்கலாம்.

இரண்டு வாரம் வீடு கட்டப் போவது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பதினைந்து பேர் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போய், பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு வீடோ, பள்ளிக்கூடச் சுவரோ எழுப்பிவிட்டு வருவது. ஆள் சேர்ப்பது எளிது, காணிக்கை கேட்பதும் எளிது, திரும்பி வந்து சபைக்குக் காட்டப் படமும் நிறைய இருக்கும்.

இது எவ்வளவு பயன்படுகிறது என்பதை ஒருவர் உட்கார்ந்து அளந்தே பார்த்திருக்கிறார். 1998இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப் போட்டது. ஹோண்டுராஸில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வந்தார்கள். அந்த நாட்டிலேயே வாழ்ந்துவந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களையும், உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு உள்ளூர் ஆட்களைக் கொண்டு கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களையும் விசாரித்தார். யார் கட்டியது என்பதால் குடும்பத்தின் வாழ்க்கையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. செலவில்தான் வித்தியாசம். உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டைச் சுமார் 2,000 டாலரில் முடித்தது. விமானக் கட்டணம் முதல் எல்லாவற்றையும் சேர்த்தால், வந்த குழுக்கள் ஒரு வீட்டுக்குச் செலவிட்டது சராசரியாக 30,000 டாலர். ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடு.

அந்த ஆய்வு 2006இல் வெளியானது. அதில் இன்னொரு பகுதி நமக்கு இன்னும் உறைக்கும். போய் வந்தவர்கள், இந்தப் பயணத்துக்குப் பிறகு ஊழியத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று சொன்னார்கள். அனுப்பிய அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் அந்த உயர்வு பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு: ‘போகாவிட்டால் அந்தப் பணம் வரவே வராதே?’ அதில் பாதி உண்மை இருக்கிறது. தன் மகன் போகிறான் என்றால் அள்ளிக் கொடுக்கிற அப்பா, தெரியாத ஊரின் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கக் கேட்டால் நூறு ரூபாய் எடுப்பார். ஆனால் அது நம் சபையின் குறை. அதற்கான செலவை ஹோண்டுராஸ்காரர் தலையில் கட்டக் கூடாது. புயல் அடித்த நாட்டில் கொத்தனாரும் சித்தாளும் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் இருக்க வேண்டிய கரண்டியை, ரசமட்டம் பார்க்கத் தெரியாத கல்லூரிப் பையன் வாங்கிக்கொள்கிறான். பல நேரம் அவன் வைத்த வரிசையை மறுநாள் உள்ளூர் மேஸ்திரி பிரித்து வைக்க வேண்டியிருக்கும்.

இதையே ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு. 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதியர் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டியில் வீடு தானமாகப் போவதில்லை. வீட்டுக்காரரும் உடலுழைப்பு கொடுக்க வேண்டும், கட்டக்கூடிய தவணையில் கடனைத் திருப்ப வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் உள்ளூர் மேஸ்திரியின் கீழ் எடுபிடிதான். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006இல் லோனாவாலா அருகே வந்து செங்கல் அடுக்கியது இந்த ஏற்பாட்டில்தான். வீடு கட்டத்தான் போவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கும் குழு, குறைந்தபட்சம் இப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டுக்குள் போகட்டும். என் கேள்வியில் மட்டும் இதுவும் தேறாது. செங்கல் அடுக்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு.

வரவேற்கும் பக்கம் நின்ற அனுபவம் நமக்கே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரத்தில் குவிந்துகிடந்த பழைய துணி மூட்டைகளை நினைத்துப் பார்த்தால் போதும். அனுப்பியவர்கள் எல்லாருக்கும் நல்ல மனசுதான். அந்தத் துணியை அப்புறப்படுத்தவே தனியாக ஆள் தேவைப்பட்டது.

இந்த வகைப் பயணத்தில் ஒன்றை மட்டும் பேச்சுக்கே எடுக்க வேண்டாம் என்பேன்: பத்து நாள் அநாதை விடுதிக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வருவது. ஏழை நாடுகளில் விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளரும் டாலரும் வருவதாலேயே பிள்ளை சேர்க்கும் விடுதிகளும் உண்டு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி பூகம்பம் நடந்த சில வாரத்துக்குள், அமெரிக்கப் பாப்டிஸ்ட் சபையார் 10 பேர், 33 பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகும்போது எல்லையில் கைதானார்கள். அநாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

கப்பல்

இங்கே கணக்கு மாறுகிறது. மருத்துவமனைக் கப்பல்களை நடத்தும் மெர்சி ஷிப்ஸ் என்ற அமைப்பை டான் ஸ்டீபன்ஸும் அவர் மனைவி தெயோனும் 1978இல் தொடங்கினார்கள். முதல் கப்பல் பழைய இத்தாலியப் பயணிகள் கப்பல். இப்போது இரண்டு ஓடுகின்றன. ஒன்று ஆப்பிரிக்கா மெர்சி. டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிக் கரைக்குக் கரை விட்டுக்கொண்டிருந்த கப்பலை மருத்துவமனையாக மாற்றி 2007இல் இறக்கினார்கள். இன்னொன்று குளோபல் மெர்சி. மருத்துவமனைக்கென்றே சீனாவில் கட்டி 2021இல் ஒப்படைக்கப்பட்டது. 174 மீட்டர் நீளம், 6 அறுவை அரங்கு, சுமார் 200 படுக்கை.

ஒரு நாட்டு அரசாங்கம் அழைத்தால்தான் கப்பல் போகும். போனால் பத்து மாதம்போல அந்தத் துறைமுகத்திலேயே நிற்கும். கண்புரை, உதட்டுப்பிளவு, முகத்தில் தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்ட கட்டி, வளைந்த கால், குடலிறக்கம், பிரசவக் காயத்தால் சிறுநீர் ஒழுகும் பெண்கள் என்று வருகிறவர்களுக்கு இலவசமாக அறுவை செய்கிறார்கள். உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் சொன்னது. சியரா லியோனில் ‘உள்ளூரிலேயே கூலிக்கு ஆள் கிடைக்குமா’ என்று கேட்டால், தாடைக் கட்டியை எடுக்கத் தெரிந்த சர்ஜனுக்குக் கிடைக்காது என்பதுதான் பதில்.

சரி, சர்ஜன் போகட்டும், நம் வெல்டர் எதற்கு? கப்பலில் அதற்குத்தான் பதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேர் வாழும் மிதக்கும் ஊர் அது. அவர்களுக்குச் சமைக்க வேண்டும், துணி வெளுக்க வேண்டும், ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும், ஏ.சி. நின்றால் அறுவை அரங்கும் நிற்கும். டாக்டர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட உள்ளேயே நடக்கிறது. மருத்துவம் தெரியாதவர்களுக்கும் உண்மையான வேலை இருக்கிறது, அந்த வேலை இல்லாவிட்டால் அறுவை நடக்காது. மொழிபெயர்ப்பு போன்ற, உள்ளூர் ஆட்களால் முடிகிற வேலைகளுக்கு அந்தந்த ஊர்க்காரர்களையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் இது முக்கியம்.

நம் ஆட்கள் திடுக்கிடுவது காசு விஷயத்தில்தான். போக்குவரத்துச் செலவு, காப்பீடு எல்லாம் போகிறவரின் பொறுப்பு. அதற்கு மேல் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நெடுங்காலம் மாதக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. சர்ஜனும் கட்டினார், பாத்திரம் கழுவுகிறவரும் கட்டினார். இப்போது எப்படி என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். ‘வேலையும் செய்துவிட்டு, காசும் கொடுக்கணுமா?’ என்று வீட்டில் கேட்பார்கள். நோயாளிக்கென்று வந்த காணிக்கை ஊழியரின் சோற்றுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த முறை. எனக்கு அது பிடித்திருக்கிறது. அதே சமயம், மாதம் இருபதாயிரம் சம்பளம் வாங்கும் நர்ஸ் இதைத் தனியாகத் தாங்க முடியாது. சபை பின்னால் நிற்க வேண்டும். பதினைந்து பேரைப் பத்து நாளைக்கு அனுப்பும் பணத்தில் ஒரு நர்ஸை ஆறு மாதம் அங்கே நிறுத்தலாம் என்று கமிட்டியில் சொல்லிப் பாருங்கள். முகங்கள் மாறும். பதினைந்து குடும்பம் அல்லவா ஏமாறுகிறது!

காலக்கெடு வேலைக்கு வேலை மாறும். சில மருத்துவப் பணிக்குச் சில வாரம் போதும், சமையல், இயந்திரப் பகுதி போன்றவற்றுக்குச் சில மாதம் கேட்பார்கள். கேரி பார்க்கர் என்ற அமெரிக்க முக அறுவை நிபுணர் 1980களில் சில மாதத்துக்கென்று ஏறினார். அங்கேயே திருமணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டார். இப்படியும் நடக்கும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

குறையும் உண்டு. கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும், அமைதி வேண்டும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது ஆப்பிரிக்கா மெர்சி மடகாஸ்கருக்குத் திருப்பப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நெரிசலான கப்பலுக்குள் எபோலா வந்தால் கதை முடிந்தது. ஆனால் அதே மாதங்களில் லைபீரியாவின் மன்ரோவியாவில் இருந்த எல்வா மிஷன் மருத்துவமனை எங்கும் போக முடியாது. அங்கே ஜெர்ரி பிரவுன் என்ற லைபீரிய டாக்டர் மருத்துவமனையின் சிற்றாலயத்தையே எபோலா வார்டாக மாற்றினார். அங்கே தொற்று கண்ட அமெரிக்கர்களில் ஒருவர் டாக்டர். இன்னொருவர், உள்ளே போய் வருகிறவர்களின் பாதுகாப்பு உடைக்கு மருந்தடிக்கும் பணியில் இருந்த பெண். இருவரும் பிழைத்தார்கள். கிளம்பிப் போகிற ஊழியத்துக்கும் தரையில் வேர் விட்ட ஊழியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் இந்த 2014ஐத்தான் காட்டுவேன்.

இன்னொரு கப்பல் வகையும் பலருக்குத் தெரியும்: ஓ.எம். (ஆபரேஷன் மொபிலைசேஷன்) என்ற மிஷன் அமைப்பின் புத்தகக் கப்பல்கள். 1970இல் லோகோஸில் தொடங்கினார்கள். அது 1988இல் தென்னமெரிக்காவின் கடைக்கோடியில் பாறையில் மோதி நின்றது, உயிர்ச்சேதம் இல்லை. 1914இல் கட்டிய டூலோஸ் 2009 வரை ஓடியது. இப்போது ஓடுகிறவற்றில் ஒன்று லோகோஸ் ஹோப். கொச்சிக்கு வந்தபோது ஏறிப் பார்த்தவர்கள் நம்மிலும் இருப்பார்கள். பொதுவாக இரண்டு வருஷம், பல நாட்டு வாலிபர்களோடு, டெக்கிலோ இயந்திர அறையிலோ சமையற்கட்டிலோ வேலை. கையில் தொழில் இல்லாத இருபது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ இது நல்ல பள்ளிக்கூடம். அதை அப்படியே சொல்லி அனுப்பலாம். இங்கே முக்கால்வாசிப் பயன் போகிறவருக்குத்தான்.

நேபாளம் மாதிரி, வருஷக்கணக்கில்

எனக்கு மனசு சாய்வது இந்தப் பக்கம். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நேபாளம் 1951 வரை வெளியாருக்கு மூடிய நாடு. முசூரியில் ஆசிரியராக இருந்த ராபர்ட் ஃப்ளெமிங் ஒரு பறவை ஆராய்ச்சியாளர். பறவை தேடித் தான்சேன் பக்கம் போன இடத்தில், வைத்தியம் இல்லாமல் மக்கள் படும் பாட்டைப் பார்த்தார் அவரும் கூடப் போனவர்களும். அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார்கள். 1954இல் பல சபைப் பிரிவுகள் சேர்ந்து யுனைட்டெட் மிஷன் டு நேபாள் உருவானது. மதம் மாற்றும் வேலை செய்யக் கூடாது, நேபாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் உள்ளே விட்டார்கள். தான்சேனில் மருத்துவமனை, காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ராணா குடும்பத்து அரண்மனை ஒன்றில் சாந்த பவன் மருத்துவமனை என்று வேலை தொடங்கியது. சாந்த பவன் பின்னாளில் பாட்டன் மருத்துவமனையாகி, இன்று நேபாளிகளே நடத்தும் மருத்துவக் கல்வி நிறுவனமாக நிற்கிறது.

தான்சேன் மருத்துவமனையைக் கட்ட 1958இல் வந்தவர் ஓட் ஹொஃப்துன், நார்வேக்கார எஞ்சினியர். கட்ட வந்த இடத்தில் குழாய் பொருத்த, மரம் அறுக்க, வெல்டிங் வைக்கப் பயிற்சி பெற்ற ஆளே இல்லை. அவர் நார்வேயிலிருந்து ஆள் கொண்டுவந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். 1963இல் புட்வலில் ஒரு தொழிற்பயிற்சிக்கூடம் ஆரம்பித்தார். பையன்கள் உண்மையான வேலை செய்தே தொழில் கற்றார்கள். செய்த மேஜை நாற்காலியும் இயந்திரமும் விற்ற காசில் பட்டறை ஓடியது. பட்டறைக்கு மின்சாரம் வேண்டுமே என்று தினாவ் ஆற்றில் கைவைத்தார்கள். மலையைக் குடைந்து, கட்டம் கட்டமாக, ஒரு மெகாவாட் மின்நிலையம். அதற்காகப் பிறந்த புட்வல் பவர் கம்பெனி பிறகு ஆந்திகோலாவில் 5.1 மெகாவாட் கட்டியது. அதற்கு வாங்கிய டர்பைன்கள் நார்வேயில் ஓடி ஓய்ந்த பழைய சரக்கு. ஜிம்ருக்கில் 12 மெகாவாட் அதற்கடுத்தது. சுரங்கம் தோண்டவும் கட்டவும் ஹிமால் ஹைட்ரோ என்ற கம்பெனி தனியாக வளர்ந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில், ஆள் கிடைக்கும்படி செய்துவிட்டார்கள். இன்று நேபாளத்தில் நீர்மின் நிலையம் கட்டும் எஞ்சினியர்களும் ஃபிட்டர்களும் நேபாளிகள். நம்மிடம் அவர்கள் ஆள் கேட்க வேண்டிய அவசியமில்லை.

யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் செய்ததும் இந்த ரகம்தான். தானே வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து உள்ளூர் டாக்டர்களை உருவாக்கினார்.

இப்படிப்பட்ட வேலைக்கு இன்று நம்மில் ஒருவர் போவதென்றால் என்னென்ன பார்க்க வேண்டும்? முதலில், தேவை சுருங்கிவிட்டது. மிஷன்களின் வேலை இப்போது பெரும்பாலும் நேபாளி அமைப்புகள் வழியாக நடக்கிறது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவர், குறிப்பிட்ட துறை டாக்டர், நர்ஸிங் ஆசிரியர், கணக்கும் திட்ட அறிக்கையும் எழுதத் தெரிந்தவர் என்று தேடுவார்கள். ‘எந்த வேலையும் செய்வேன்’ என்று போகிறவருக்கு அங்கே வேலை இல்லை. டாக்டர் என்றால் நேபாள மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்குக் குறைந்தால் மொழி பிடிபடும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இந்தியருக்குச் சில வசதிகள் உண்டு. விசா வேண்டாம். சோறும் பருப்பும்தான் சாப்பாடு. இந்தி தெரிந்தால், இந்திய எல்லையோரச் சமவெளியான தெராய்ப் பகுதியில் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தியர் என்பதாலேயே வரும் சங்கடமும் உண்டு. 2015 ஏப்ரல் பூகம்பத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்து, நாடு எழுந்து நிற்பதற்குள், அதே வருஷக் கடைசியில் எல்லை அடைபட்டு மாதக்கணக்கில் பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மருந்தும் வரவில்லை. அந்த அடைப்புக்கு இந்தியாதான் காரணம் என்று நேபாளிகள் பலர் நினைக்கிறார்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் வாதாடாமல் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவரை அனுப்ப வேண்டும்.

சட்டமும் கண்டிப்பானது. 2015 அரசியல் சாசனம் மதமாற்றத்தைத் தடுக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு 5 வருஷம் வரை சிறை. வெளிநாட்டவரை நாடு கடத்தலாம். கைவேலை ஊழியம் என்று சொல்லிவிட்டுப் பையில் கைப்பிரதியைக் கட்டிக்கொண்டு போகிறவர் தன்னைவிட உள்ளூர்ச் சபையைத்தான் சிக்கலில் மாட்டுகிறார். அவர் ஊர் திரும்பிவிடுவார், அவருக்கு இடம் கொடுத்தவர் கோர்ட்டுக்கு அலைவார். வேலைதான் ஊழியம் என்று ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இந்த வழியைத் தொட வேண்டாம்.

குடும்பப் பக்கம் நிஜமான விலை இருக்கிறது. கல்யாண வயதில் மூன்று வருஷம் வெளியே போனால் பெண்ணைப் பெற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இருக்கும் வேலையை விட வேண்டும். திரும்பி வந்தால் அதே சம்பளம் கிடைக்காது. மாதாமாதம் தாங்குவதாகச் சொன்ன சபை முதல் வருஷம் கொடுக்கும். இரண்டாம் வருஷம் புதுக் கோபுரம் கட்ட ஆரம்பித்துவிடும். அதனால் முழுக் காலத்துக்கான தொகையும் கையில் வந்த பிறகே ஆளை அனுப்பும் கமிட்டியை நான் மதிப்பேன்.

பணத்தை மட்டும் அனுப்புவது

ஹோண்டுராஸ் கணக்கைப் பார்த்ததும், ‘அப்படியானால் பணத்தையே அனுப்பிவிடலாமே’ என்று தோன்றும். இந்தியாவில் உள்ள சபைக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. வெளிநாட்டுப் பணம் என்றதும் எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) என்பார்கள், அது உள்ளே வரும் பணத்துக்கு. வெளியே அனுப்புவதற்கு விதி வேறு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ அனுப்பலாம். ஆனால் அது தனிநபருக்கு மட்டும், அறக்கட்டளைக்குக் கிடையாது. பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கும் சிக்கலாகும். தனிநபர் அனுப்பினால், நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வரிச் சலுகை இல்லை. எதற்கும் முதலில் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். சிங்கப்பூரிலோ கனடாவிலோ உள்ள தமிழ்ச் சபைகளுக்கு அந்தந்த நாட்டு விதி.

அனுப்ப முடிகிறவர்களுக்கு இது நல்ல வழி, ஒரு நிபந்தனையோடு: கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள், ஆளுக்குக் கொடுங்கள். ஒரு நேபாளிப் பெண்ணின் நர்ஸிங் படிப்புச் செலவு, ஒரு மலையோர ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனின் சம்பளம். கல்வெட்டில் பெயர் வராது, கமிட்டியில் ஓட்டு விழுவது கஷ்டம்.

யாருக்கு எது

கையில் தொழிலும் ஆறு மாத விடுப்பும் உள்ள நர்ஸ், எலக்ட்ரீஷியன், கப்பலில் வேலை பார்த்த எஞ்சினியர் (தூத்துக்குடிப் பக்கம் இவர்களுக்குப் பஞ்சமில்லை) மருத்துவக் கப்பலுக்கு எழுதிப் போடலாம். அனுபவமுள்ள, தங்கி வேலை செய்யத் துணிந்த ஒருவரோ ஒரு தம்பதியோ கிடைத்தால், சபை தன் பலத்தை எல்லாம் அவர்கள் பின்னால் வைக்கட்டும். நான்கு வழிகளில் என் ஓட்டு அதற்குத்தான். படிப்பு முடித்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பிள்ளைக்குப் புத்தகக் கப்பல் சரி.

பதினைந்து பேர் சேர்ந்து, இரண்டு வாரம், இந்த வருஷமே போயாக வேண்டும் என்கிறவர்களுக்கு? ரக்சோல் போங்கள். பீகாரில் நேபாள எல்லையை ஒட்டிய ஊர். 1930இல் தொடங்கிய டங்கன் மருத்துவமனை அங்கே இருக்கிறது, இம்மானுவேல் மருத்துவமனைச் சங்கம் நடத்துகிறது. எல்லைக்கு இரண்டு பக்கமும் போஜ்புரி பேசும் மக்கள், நேபாள நோயாளிகளும் கணிசமாக வருகிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், டாலர் வேண்டாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எங்கள் குழுவில் இன்னின்ன தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு எது வேண்டும் என்று விடுங்கள். வயரிங் சரிபார்க்க இரண்டு பேர் போதும் என்று பதில் வந்தால் இரண்டு பேரை மட்டும் அனுப்புங்கள். மீதிப் பதின்மூன்று பேரின் டிக்கெட் காசு அந்த வயருக்கு ஆகும்.

ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமையில் வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் அந்த ஊசி போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுசுக்கும் போதும். பயணத் தேதிக்கு முந்தின வாரம் ஓடினால் வேலைக்கு ஆகாது.